சிவப்பு விளக்கில் உன் வலக்கால்

என் அன்பு மச்சான் யோகனுக்கு,

"நிண்டுகொண்டிருக்கிற காருக்கு என்னத்துக்கடா பெற்றோல் பருக்கிறாய்?" என்று ஒருநாள் உன்னிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? மொன்றியலில், டொலார்ட் முருகன் கோயிலில் இருந்து பியர்பொன்ட்ஸுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு. நீ கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, வலக்காலை மட்டும் அக்சிலரேட்டரின் மேல் மெல்ல வைத்திருந்தாய். எஞ்சின் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது.

நீ வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல், "எஞ்சின் நிண்டுபோனா ஆர் அத்தான் போத்திலோட வாறது?" என்றாய். விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்த என் மனைவி, உன் அக்கா, பிரசாத மோதகத்தைப் பிட்டு உனக்கு நீட்ட, கதை வேறு பக்கம் போய்விட்டது.

அந்தப் பதில் எனக்கு விளங்குவதற்கு, நீ போய் ஒரு குளிர்காலம் கழிய வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். உன் ஆண்டு நினைவுக்குச் சிறு புத்தகம் ஒன்று அச்சடிக்கிறார்கள். வசந்தி என்னிடமும் சில பக்கம் கேட்டாள். "அவரைப் புகழ்ந்து எழுதாதேங்கோ அண்ணை, அவருக்குச் சிரிப்பு வரும். காரைப் பற்றி எழுதுங்கோ" என்றாள். உன் மனைவி சொன்னால் மறுக்க முடியுமா? நீயே மறுத்ததில்லை.

உன் பச்சைக் காரைத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. நீ வாங்கும்போதே இன்னொருவரிடம் பல வருடம் ஓடிய ஜப்பான் கார் அது. நான் ஊரில் சைக்கிளோடு நின்றுவிட்டவன். இந்த நாட்டில் எனக்கென்று இருந்த வாகனம் உன் வலப்பக்க இருக்கைதான். அது என் முழங்காலுக்கு ஏற்றபடி பின்தள்ளியே கிடக்கும். வேறு யாராவது முன்னே தள்ளியிருந்தால், நான் ஏறும் முன்பே நீ சரிசெய்து வைத்திருப்பாய்.

அங்கே இருந்தபடி நான் அதிகம் பார்த்தது உன் முருகனைத்தான். வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, கண்ணாடியின் மூலையில், கட்டைவிரல் நகமளவில் நீ ஒட்டி வைத்த படம். மெல்லிய தாளில் அச்சிட்டது. கார் ஓடும் நேரமெல்லாம் அந்த முருகனுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் ஒளி தெரியும். கோயிலில்கூட இப்படி வாய்க்காது என்று உன் அக்கா சொல்வாள். நீ கோயிலுக்குக் கூட்டிப்போன ஒருவர், "எங்கை வாங்கினனியள்? லைற்றோடயே விக்கிறாங்களோ?" என்று கேட்டார். நீ மீசைக்குள் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன், யோகன்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

வசந்தி லைசென்ஸ் எடுத்திருந்தாள் என்பது உனக்குத் தெரியும். எடுத்ததைக் கைப்பையில் போட்டு வைத்திருந்தாள். நீ இருக்கும்வரை அதற்கு வேலை வரவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோதுதான் வந்தது. அவள் வேலை செய்கிற புவாண்ட்-கிளேர் பொருட்களஞ்சியத்தில் விடியும் முன் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. சாவியை எடுத்தாள்.

கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றால் மட்டும் ஸ்டியரிங், இருக்கை, பக்கக் கண்ணாடி எல்லாம் காய்ச்சல்காரன் போல நடுங்கும். குளிர் கடுமையான காலைகளில் நடுங்கி நடுங்கி அப்படியே நின்றும் போகும். பின்னால் வரிசையாக ஹோர்ன் சத்தம். ஒருநாள் லொறிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பிரெஞ்சில் ஆறுதல் சொல்லிப் போனாராம். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணை, அன்பாகக் கதைத்தான் என்று சொல்லி அழுதாள்.

சனம் என்ன சொன்னது என்று நினைக்கிறாய்? அது யோகனின் கைக்குப் பழகின கார், வேறு கைக்கு மசியாது என்றார்கள். அதற்கும் துக்கம் இருக்கும்தானே என்று உன் அக்காவே சொன்னாள். கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்து, சில்லுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பழங்கள் நன்றாக நசிந்தன. நடுக்கம் அப்படியே இருந்தது.

கராஜுக்கும் போனாள். அங்கே இரவு முழுக்கச் சூடான கட்டடத்துக்குள் வைத்திருந்துவிட்டுக் காலையில் ஓட்டிப் பார்த்தால், கார் பூனைக்குட்டி போல இருக்கும். முதல்முறை பிளக்குகளை மாற்றிக் கொடுத்தார்கள். மறுமுறை, ஒன்றுமில்லை என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து பனியில் விட்டாள். அடுத்த நாள் காலை, முதல் விளக்கிலேயே நின்றது.

இதெல்லாம் ரொறன்ரோவில் இருக்கிற உங்கள் மகள் நிரூவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? தாய் தனியே, விடியற்காலை இருட்டில், நடு வீதியில் நின்றுபோன காருக்குள் இருப்பதை நினைத்து அந்தப் பிள்ளை தூங்கவில்லை. காரை விற்று, வீட்டையும் கொடுத்துவிட்டு, வேலையை விட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருவதாகவும், வந்ததும் முதலில் காருக்கு ஒரு வழி பண்ணுவதாகவும் சொல்லியிருந்தாள். அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் வசந்திக்கு இந்தத் தெரு, இந்த வேலை, நீ வெள்ளை பூசிய அந்தச் சமையலறை எல்லாம் அந்த ஒரு கார்ச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, சாவியை மேசையில் வைத்தாள்.

"இது எனக்கு வராது அண்ணை. அவர் இவ்வளவு காலம் ஓடினவர், ஒருநாள் நிண்டதே? என்ர கையிலதான் நிக்குது. அப்ப பிழை ஆரில? நிரூவோட போறனெண்டு சொல்லிப்போட்டன்."

ஊரில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த காலம் முழுக்க எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. 'எனக்கு வராது சேர்' என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் கணக்கைப் பார்ப்பேன். பிள்ளையைப் பிறகு பார்ப்பேன். பல நேரங்களில் நான் கரும்பலகையில் எழுதிய கணக்கே பிழையாக இருக்கும்.

"போறதெண்டாப் போ தங்கச்சி. பிழை ஆரிலயெண்டு பாத்திட்டுப் போ" என்றேன்.

பங்குனி மாதம். ஓரங்களில் பனி சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தது. கார் இரவு முழுக்க, இரண்டு வீடு தள்ளி அவள் வாசலில் நின்று விறைத்திருந்தது. அவள் ஸ்டார்ட் செய்தாள். நான் என் பழைய இருக்கையில் ஏறினேன். நடுக்கம் தொடங்கியது. எனக்குக் கார் தெரியாது. ஆனால் பரிசோதனை தெரியும்: இரண்டு பேர் ஒரே பொருளை வைத்து வேறு வேறு விடை கண்டால், இருவரும் வேறாகச் செய்தது எது என்று தேட வேண்டும். அவள் கால்களைப் பார்த்தேன். ஓட்டப் பழக்கியவர் சொன்னபடி, வலக்கால் பிரேக்கில் உறுதியாக இருந்தது.

"யோகன் நிக்கேக்க காலை எங்கை வைச்சிருக்கிறவன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் பின்னுக்கு நித்திரையெல்லே."

கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அக்சிலரேட்டரை மட்டும் கொஞ்சம் தொடச் சொன்னேன். தொட்டாள். நடுக்கம் போய்விட்டது. அதே ஒற்றைச் சுதி முனகல் காருக்குள் நிறைந்தது.

யோகன், அது உன் சத்தம். கண்ணை மூடினால் நீ பக்கத்தில் இருந்தாய். அவள் காலை எடுத்தாள், நடுங்கியது. வைத்தாள், நீ வந்தாய். பல தடவை அப்படிச் செய்து பார்த்தாள். அப்போதுதான் உன் போத்தல் பதில் எனக்கு விளங்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலம். நீ அந்தக் கிழட்டு இங்கிலாந்துக் காரை வாடகைக்கு ஓட்டினாய். ஓடுவது மண்ணெண்ணெயில், கிளப்புவதற்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பாய். எஞ்சின் ஒருமுறை நின்றால் அந்தப் போத்தலில் கைவைக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்போதும், சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கும்போதும், உன் கால் அக்சிலரேட்டரை விட்டு எடுபடாது. பரீட்சை வினாத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, புகையில் கண் எரிய, நானே உன் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

மொன்றியலில் சந்திக்குச் சந்தி பெற்றோல் நிலையம். அது உனக்குத் தெரியும். உன் காலுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும்.

"அப்ப இந்த நடுக்கம் முதலே இருந்ததோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"அவர் இருக்கேக்கையே?"

"ஓம் பிள்ளை. நீ ஒண்டையும் பழுதாக்கேல்லை. அவன் காலால மூடி வைச்சிருந்தவன்."

ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "குறுக்கால போன மனிசன்" என்றாள். பாதி வழியில் சாகச் சொல்லும் ஏச்சு அது; சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன் பிறகு, நீ போன பிறகு முதல்முறையாக, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உன் அக்கா எங்கள் வீட்டு ஜன்னல் சீலையை விலக்கி எங்களைப் பார்த்தது தெரிந்தது. இருவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

இனி நடுக்கத்தின் காரணம். எஞ்சின் வாசலால் உள்ளே வருகிற காற்றை இந்தக் கார்கள் அளந்து, அந்த அளவுக்கு ஏற்பப் பெற்றோல் கொடுக்கும் என்று நான் வாசித்திருந்தேன். வசந்திக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிற பணிஸை வைத்து விளக்கினேன். வாசல் படலையில் நிற்கிற வாத்தியார் உள்ளே வருகிற பிள்ளைகளை எண்ணுகிறார். அந்தக் கணக்குக்குத்தான் பணிஸ் வருகிறது. வேலி பிய்ந்த பொட்டால் நாலைந்து பேர் பூந்து வந்தால் என்ன ஆகும்? பள்ளிக்கூடம் நிறைந்த நாளில் யாருக்கும் தெரியாது, ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்துச் சமாளிக்கலாம். வந்ததே பத்துப் பேர் என்றால், அன்றைக்குப் பசியும் அடிபிடியும்தான். வேகமாக ஓடுகிற எஞ்சின் நிறைந்த பள்ளிக்கூடம். நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின் பத்துப் பேர் வந்த நாள். வேலியால் பூந்தவர்கள், ஏதோ ஒரு வெடிப்பால் அளவில் அகப்படாமல் உள்ளே வருகிற காற்று.

"அப்ப காலால அமத்தினா?"

"படலையால இன்னும் கொஞ்சப் பேரைக் கூப்பிடுறாய். வேலியால வந்தவையின்ர கணக்குப் பெரிசாத் தெரியாது."

அவள் சால்வையைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். "சரி, வேலி எங்கை பிஞ்சிருக்கெண்டு பாப்பம்."

காது கொடுத்துப் பார்த்தோம். 'ஸ்ஸ்' என்று ஏதோ கேட்டது. எங்கிருந்து என்று பிடிபடவில்லை. எஞ்சின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. வசந்தி வீட்டுக்குள் போய், ஜன்னலோரம் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தலைக் கொண்டுவந்தாள். நீர் பட்ட இடத்தில் வெடிப்பு இருந்தால், ஒரு கணம் அடைபட்டு எஞ்சினின் சத்தம் மாறும் அல்லவா? நான் அதை யோசித்து முடிக்க முன்பே அவள் தெளிக்கத் தொடங்கிவிட்டாள். விசிறிக்கும் பட்டிக்கும் கிட்டப் போகாமல், வயர்களில் படாமல், ரப்பர் குழாய்களின் மேல் மட்டும், ஒவ்வொன்றாக. செடிக்குத் தெளிக்கிற அதே பொறுமை.

எஞ்சினின் பின்பக்கம், விரல் மொத்தத்தில் வளைந்து போகிற ஒரு குழாய். அதன் அடிப்பக்கத்தில் நீர் பட்டதும் நடுக்கம் சட்டென்று அடங்கி, மறுபடி தொடங்கியது. இன்னொருமுறை தெளித்தாள். இன்னொருமுறை அடங்கியது. "பிடிச்சிட்டன்" என்றாள், மிக மெல்ல, எலியைக் கண்ட பூனை போல.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டுக் குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தோம். நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. வளைத்தால், குளிர்காலக் குதிக்கால் போல வரிவரியாக வெடிப்பு. குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்க வெடிப்புத் திறக்கும். கராஜின் சூட்டில் இளகி மூடிக்கொள்ளும். அங்கே அவர்களுக்கு ஏன் ஒன்றும் அகப்படவில்லை என்பதும் அப்போது தெளிந்தது.

அன்றே புவாண்ட்-கிளேரில் உதிரிப்பாகக் கடைக்குப் பஸ்ஸில் போனோம். வெடித்த குழாயை ஒரு பையில் சுற்றி எடுத்துப்போனாள். கடைக்காரர் யாருடைய கார் என்று பிரெஞ்சில் கேட்டார். என்னுடையது என்று பிரெஞ்சில் சொன்னாள். எங்கள் எல்லோரிடமும் 'அவற்ர கார்' என்றே சொல்லி வந்தவள். நான் கவனித்தேன், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, திருப்புளியும் கையுமாக அவளே புதுக்குழாயைப் பூட்டினாள். நான் ரோர்ச் பிடித்தேன். வெளிச்சத்தை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி எனக்கு ஏச்சும் விழுந்தது.

ஸ்டார்ட் செய்தாள். கால் தரையில். எஞ்சின் ஓடுகிறதா என்று, அதன் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போய்வந்த பிறகு தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணை, முருகன் இருண்டிட்டார்." போய்ப் பார்த்தேன். உண்மைதான். அந்த மஞ்சள் ஒளி இல்லை. நகத்தால் படத்தின் ஓரத்தை மெல்லக் கிளப்பினாள். பின்னால், எஞ்சின் வடிவத்தில் சின்ன விளக்கொன்று அணைந்து கிடந்தது. எங்கோ பழுது, என்னைப் பார் என்று இத்தனை காலம் அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். கராஜிலும் சாமி படமென்று மரியாதையாகத் தொடாமல் விட்டிருப்பார்கள்.

தெரிந்துதான் அங்கே ஒட்டினாயா, யோகன்? இல்லை, இடம் இருந்தது, ஒட்டினாய், அவ்வளவுதானா? அந்த மீசைச் சிரிப்புக்கு என்ன பொருள்? வசந்தி படத்தை மறுபடி அழுத்தி ஒட்டினாள். ஆனால் இந்த முறை, ஒரு விரல் தள்ளி.

வெள்ளிக்கிழமை நிரூ வந்தாள். டோர்வல் ரயில் நிலையத்துக்கு வசந்தியே காரில் போனாள், நானும் கூடப் போனேன். என் இருக்கையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் இருந்தேன். வழியெல்லாம் நிரூ, அடுத்த நாள் காரை வாங்குவதற்குப் பார்க்க வருகிறவரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கு வந்தது. வசந்தி நிறுத்தினாள். கியரைத் தொடவில்லை. வலக்கால் பிரேக்கில் மட்டும் இருந்தது. காருக்குள் சத்தமே இல்லை.

நிரூ திடுக்கிட்டுப் பின்னால் வருகிற வாகனங்களைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, திரும்பவும் நிண்டுட்டுது."

"இல்லைப் பிள்ளை. ஓடிக்கொண்டுதான் இருக்கு. கையை வைச்சுப் பார்."

பிள்ளை முன் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். விளக்கு பச்சையாகும்வரை எடுக்கவில்லை. வீடு வரும்வரை காரை விற்பதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, காரைப் பார்க்க வரவிருந்தவருக்கு, வரவேண்டாம் என்று தானே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளை ரயிலேற்றியதும் வசந்திதான். இப்போதும் 'எப்ப வாறீங்கள்' என்று கேட்கிறாள். ஆனால் 'எத்தனை நாளைக்கு' என்பதையும் சேர்த்துக் கேட்கிறாள்.

மற்றப் புதினங்கள்: கறிவேப்பிலை இந்தக் கோடையில் வெளியே நின்று தளதளவென்று வந்திருக்கிறது. வசந்தி உன்னைவிட மெதுவாக ஓட்டுகிறாள், உன்னைவிட நேராக நிறுத்துகிறாள். டொக்டரிடமும் கோயிலுக்கும் என்னைக் கூட்டிப்போவது அவள்தான்.

ஒன்று மட்டும். முன்பெல்லாம் வாசலில் அந்த முனகல் கேட்டால், உன் அக்கா தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்துவிடுவாள். இப்போது கார் வந்து நிற்பது தெரிவதில்லை; வசந்தி கதவைத் தட்டிய பிறகுதான் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிறது. பழுதைத் திருத்தியதற்காக வருத்தப்பட முடியுமா? முடியாது. ஆனாலும் அன்று பங்குனிக் குளிரில் அவள் காலை வைத்ததும் நீ வந்தாயே, அந்தச் சத்தத்தை இனி எங்கே போய்க் கேட்பேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழும் முன், நானும் வசந்தியும் பொனட்டைத் திறந்து, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்போம். ரோர்ச்சை ஒழுங்காகப் பிடிப்பேன். சிவப்பு விளக்கில் அவள் காலை எங்கே வைப்பது என்று, பக்கத்து இருக்கையில் இருந்து ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: அடுத்த சிவப்பு விளக்கில் வானொலியை நிறுத்திவிட்டு, அக்சிலரேட்டரில் கால் படாமல், ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி, உங்கள் கார் நடுங்குகிறதா என்று விளக்கு மாறும்வரை கவனித்துப் பாருங்கள்.

உன் வலப்பக்க இருக்கையில் இன்னமும் இருக்கிற,
உன் அத்தான்